காதில் பொருந்திய பிறகே தீர்ப்பு: குறைந்த விலை இயர்போன்கள் பற்றி வாசகர் கேள்வி பதில்

ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல இயர்போன் கிடைக்குமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கிடைக்கும் என்று சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வாங்கியது நல்லதுதானா என்பதை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்கின்றன. எந்த மாடலை வாங்குவது என்பதைவிட இது பயனுள்ள கேள்வி என்று நான் கருதுவதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எல்லோரும் புகழ்ந்த ஓர் இயர்போனை 1,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எனக்குத் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. பேஸ் (கீழ்ச்சுர ஒலி) அறவே இல்லை. ஆனால் விடுதியில் என் அறைத் தோழன் அதையே கேட்டுவிட்டுப் பிரமாதம் என்கிறான். எனக்குப் பழுதான பொருள் வந்துவிட்டதா? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே இயர்போன் உங்கள் தோழரின் காதில் நிறைவாகவும் உங்கள் காதில் மெலிந்தும் ஒலிக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது அதன் நுனியில் மாட்டியிருக்கும் சிலிக்கான் ரப்பரைத்தான். இவ்வகை இயர்போன் காதுக்குழாயை அடைத்து, அடைபட்ட அந்தச் சிறு காற்றிடத்தில் அழுத்தத்தை ஏற்றி இறக்கித்தான் கீழ்ச்சுரங்களை உண்டாக்குகிறது. பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சவ்வினால் அறை முழுவதிலும் உள்ள காற்றை அசைக்க முடியாது. காதுக்குழாய்க்குள் அடைபட்ட காற்றைத் தாராளமாக அசைக்க முடியும். ரப்பருக்கும் காதின் சுவருக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடுகிறது. அப்படிக் கசியும்போது கீழ்ப்பகுதிதான் குறையும். மேற்பகுதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். நீங்கள் சொல்லும் தகர ஓசை அதனால் வருவதுதான்.

இதை எழுதும்போது என் மேசையில் இருக்கும் ஓர் இயர்போனில், வேண்டுமென்றே சிறிய ரப்பரை மாட்டி ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்டேன். பாடகரின் குரல் இருந்தது, வயலின் இருந்தது. மிருதங்கத்தின் வலது பக்கம் மட்டும் டிக் டிக்கென்று கேட்டது. விரல் நுனியால் இரு பக்கமும் மெல்ல உள்நோக்கி அழுத்தியதும் இடது பக்கத்தின் தொம்மென்ற நாதம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. விரலை எடுத்ததும் போய்விட்டது. அதன்பின் வலது காதுக்கு நடுத்தர அளவும் இடது காதுக்குப் பெரிய அளவும் மாட்டினேன். என் இரண்டு காதுகளும் ஒரே அளவில் இல்லை. பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்பதால், பெட்டியில் தந்திருக்கும் எல்லா அளவுகளையும் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே போட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அடைப்பு சரியாக இருக்கிறதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பாட்டை நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் கனமாக, இரு பக்கமும் சமமாக ஒலித்தால் அடைப்பு நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மெலிந்து ஒலித்தால் அந்தப் பக்கத்து ரப்பரை மாற்றுங்கள். செருகும்போது மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுசென்று காதுமடலைச் சற்றே மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகி, ரப்பர் ஒழுங்காக உட்காரும். அப்போது 'கிறுக்' என்று ஒரு சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம்; உள்ளே அடைபட்ட காற்று சவ்வைத் தள்ளுவதால் அது எழுகிறது. ரப்பர்களை மாற்றியும் பேஸ் வரவில்லை என்றால் மட்டும் பொருளைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: நான் இசை பயின்றவள் அல்லள், பாட்டுக் கேட்பதில் ஆர்வமுள்ளவள். கருவிகள் ஏதுமின்றி, வீட்டிலேயே இரண்டு இயர்போன்களை ஒப்பிட்டு எது மேல் என்று நேர்மையாகச் சொல்ல வழி உண்டா? (ஆசிரியை, மதுரை)

பதில்: உண்டு, அம்மா. இசைப் பயிற்சியைவிடப் பொறுமைதான் இதற்கு அதிகம் தேவை. முதலில் இரண்டின் ஒலியளவையும் சமமாக்க வேண்டும். 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு, ஒலி குறைவாக இருக்கும்போது கீழ்ச்சுரங்களைக் கேட்பதில் நம் காது மந்தமாகிவிடுகிறது என்பதை அளந்து காட்டியது. ஆகவே சற்று உரக்க ஒலிக்கும் இயர்போன், வேறு எந்தச் சிறப்பும் இல்லாவிட்டாலும், நிறைவாக ஒலிப்பதாகத் தோன்றிவிடும். கடையில் ஒரே வால்யூம் படியில் வைத்து இரண்டையும் கேட்கச் சொல்வார்கள். ஒரே படியில் எல்லா இயர்போன்களும் ஒரே அளவு ஒலிப்பதில்லை என்பதால் அந்த ஒப்பீடு செல்லாது.

ஒரு செய்தி வாசிப்பையோ வானொலி உரையையோ ஓடவிட்டு, பேசுபவர் அதே தூரத்தில் அமர்ந்து பேசுவதாகத் தோன்றும்வரை இரண்டையும் மாறி மாறிச் சரிசெய்து, எந்த இயர்போனுக்கு எத்தனையாவது படி என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியின் படிகள் பெரியவையாக இருப்பதால் துல்லியமாகச் சமன் செய்ய முடியாமல் போகலாம். அப்போது, உங்கள் மனம் ஏற்கெனவே எதன் பக்கம் சாய்கிறதோ அதை ஒரு படி குறைவாக வையுங்கள். அப்படியும் அதுவே நன்றாக இருந்தால் அந்த முடிவை நம்பலாம். கைபேசியில் டால்பி போன்ற ஒலி மெருகூட்டும் வசதிகளும் ஈக்வலைசரும் அணைந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எதைக் கேட்பது என்பது அடுத்தது. உங்களுக்கு மனப்பாடமான பதிவுகள் நான்கைந்து போதும்; புதிய பாட்டில் எது பதிவின் குணம், எது இயர்போனின் குணம் என்று பிரிக்க முடியாது. என் சோதனையில் தனி ஆவர்த்தனம் ஒன்று எப்போதும் இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையின் நடுவே இருக்கும் கருநிறக் கரணைதான் அந்தத் தோலிலிருந்து சுருதியோடு கூடிய ஒலி பிறக்கக் காரணம். சாதாரணப் பறைத் தோலின் மேலொலிகள், அதாவது அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள், ஒன்றோடொன்று இசையாமல் சிதறும். நடுவே கனம் ஏற்றப்பட்ட இந்தத் தோலிலோ அவை அடிப்படை ஒலியின் முழு மடங்குகளில் வந்து அமைகின்றன என்பதை, நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். எனவே நல்ல இயர்போனில் 'நம்' என்ற அடிக்கு ஒரு சுருதி இருப்பது தெரிய வேண்டும். அது தம்புராவோடு சேருகிறதா என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். ரவைப் பசை பூசிய இடப்பக்கத்தின் 'தொம்' எழுந்து, கார்வையோடு நின்று, அடங்க வேண்டும். மலிவான இயர்போன்கள் பலவற்றில் அந்த 'தொம்' அடங்காமல் அடுத்த அடிமீதும் பாடகரின் குரல்மீதும் படர்ந்துவிடும். பேஸ் நிறைய இருப்பதற்கும் நன்றாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒலி எனக்குத் தெரிந்து வேறில்லை.

தம்புரா மேற்பகுதிக்கு உரைகல். தந்திக்கும், அதைத் தாங்கும் குதிரை என்னும் உறுப்புக்கும் நடுவே செருகும் ஜீவாநூலால் எழும் அந்த ரீங்காரம் முழுவதும் மேலொலிகளால் ஆனது. ட்ரெபிள் என்னும் மேற்சுரப் பகுதி மங்கிய இயர்போனில் தம்புரா வெறும் முனகலாகும். ட்ரெபிள் துருத்திய இயர்போனில் கண்ணாடித் தூளை உரசுவதுபோல் ஆகும். அடுத்து, பெண்குரலில் ச, ஸ, ஷ எழுத்துகள் வரும் வரிகளைக் கேளுங்கள். அந்த எழுத்துகள் மட்டும் குரலைவிட்டு முன்னே பாய்ந்து காதைக் குத்தினால், பெரும்பாலும் 5,000 முதல் 9,000 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு மேடு இருக்கிறது. குறைந்த விலையில் அடிக்கடி காணும் குறை இதுதான். கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது இதே குறை 'தெளிவு' என்று பெயர் வாங்கிக்கொள்ளும். நாதஸ்வரத்தை முழுதாகப் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். நடுப்பகுதியின் மேற்பாதி எகிறியிருந்தால் ஐந்தாவது நிமிடத்திலேயே கை தானாக ஒலியளவைக் குறைக்கும்.

ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய திரைப்பாடல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரல் தலையின் சரிநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் இடமும் வலமும் ஒன்றுபோல் இல்லை.

கடைசியாக, மாறி மாறிக் கேட்டு முடித்த பிறகு, ஒவ்வொன்றையும் தனியே மூன்று மூன்று நாள் பயன்படுத்துங்கள். உடனடி ஒப்பீட்டில் பளிச்சென்று ஒலிப்பது வென்றுவிடும். மூன்றாம் நாள் எதைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லையோ அது பெரும்பாலும் வேறொன்றாக இருக்கும்.

கேள்வி: ஒரு பெட்டியில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்றும், இன்னொன்றில் 10 முதல் 40,000 ஹெர்ட்ஸ் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவதுதானே மேல் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது? (கைபேசிக் கடை உரிமையாளர், ஈரோடு)

பதில்: அந்த எண்களை வைத்து எதுவும் சொல்ல இயலாது என்பதே சரியான பதில். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் அந்த வீச்சு இருக்கிறது என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. 15,000 ஹெர்ட்ஸில் ஒலி பாதாளத்துக்குச் சரிந்திருந்தாலும் 'ஒலிக்கிறது' என்று அச்சிட்டுவிடலாம். மனிதக் காதின் மேல் எல்லையே இளமையில் சுமார் 20,000 ஹெர்ட்ஸ்தான். வயது ஏற ஏற அது இறங்கும். பியானோவின் கடைசிக் கட்டையின் அடிப்படை அதிர்வெண்ணே ஏறத்தாழ 4,186 ஹெர்ட்ஸ்தான் என்பதை நினைத்தால், பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். பொன்னிறத்தில் காணப்படும் 'ஹை-ரெஸ் ஆடியோ' முத்திரை, ஜப்பான் ஆடியோ சங்கம் வகுத்த விதிப்படி 40,000 ஹெர்ட்ஸ்வரை ஒலிக்கும் திறன் உள்ளவற்றுக்குத் தரப்படுவது. கேட்க முடிந்த பகுதி எப்படி ஒலிக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

இயர்போன் எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று காட்டும் உணர்திறன் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்றும், சிலர் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்றும் குறிப்பிடுகிறார்கள். 16 ஓம் மின்மறுப்புள்ள ஓர் இயர்போனுக்கு மில்லிவாட் கணக்கில் 100 என்பதும் வோல்ட் கணக்கில் 118 என்பதும் ஒன்றேதான். 118 என்று போட்ட பெட்டியை மேல் என்று நினைத்து எடுப்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: விலைக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லையா? ஐந்து டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) உள்ள இயர்போன் ஒரு டிரைவர் உள்ளதைவிட நன்றாக இருக்காதா? (வங்கி ஊழியர், திருநெல்வேலி)

பதில்: ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர், இருநூறுக்கும் மேற்பட்ட ஹெட்போன்களின் அலைவெண் எதிர்வினையை, அதாவது எந்தச் சுரத்தை எவ்வளவு ஏற்றி இறக்கி ஒலிக்கின்றன என்பதை, அளந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காதுக்குள் செருகுபவையும் அதில் இருந்தன. அந்த அளவீட்டுக்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு ஏதும் காணப்படவில்லை என்பதே அவர் முடிவு. ஒலித்தரம் முழுவதும் அந்த ஓர் அளவீட்டில் அடங்கிவிடாது என்றாலும், அதில் பெரும்பங்கு அதுதான். 2022-இல் சீன நிறுவனங்களின் மூன்ட்ராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ ஆகிய இரண்டும் ஏறத்தாழ 20 டாலர் விலையில் வந்தன. இரண்டிலும் பக்கத்துக்கு ஒரே ஒரு 10 மி.மீ. டிரைவர்தான். பத்து மடங்கு விலையுள்ள பலவற்றைவிட இவற்றின் குரல் இயல்பாக இருப்பதை நானே கேட்டு வியந்திருக்கிறேன்.

டிரைவர்களின் எண்ணிக்கையை நான் கணக்கில் எடுப்பதில்லை. காது கேட்கும் கருவிகளுக்காக உருவான 'பேலன்ஸ்டு ஆர்மெச்சர்' என்னும் சிறு டிரைவர்களை, பேஸுக்கான பெரிய டிரைவரோடு சேர்த்து அமைப்பது கடினமான வேலை; எந்தச் சுரத்தை எது ஒலிப்பது என்று பிரித்துக் கொடுப்பதில் பிழை நேர்ந்தால், பாடகரின் குரல் கீழே ஒரு நிறத்திலும் மேலே ஒரு நிறத்திலும் ஒலிக்கும். குறைந்த விலையில் ஒரு டிரைவரைச் செம்மையாக அமைத்தவரையே நான் நம்புவேன்.

விலை கூடும்போது வயரின் உறுதி, இடம் வலம் இரண்டும் ஒத்திருப்பது, உத்தரவாதம் ஆகியவை பெரும்பாலும் மேம்படும். மிகக் குறைந்த விலையில் இருக்கும் உண்மையான ஆபத்து போலிப் பொருள்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து நிலையத்தருகே, நன்கு அறிந்த நிறுவனத்தின் பெயருள்ள இயர்போனைப் பாதி விலைக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பெட்டியில் நிறுவனப் பெயரின் ஓர் எழுத்து மற்றவற்றைவிடத் தடித்திருந்தது. வயரில் இடம் வலம் குறிக்கும் எழுத்துகள் மாறியிருந்தன. கேட்டபோது, குரல் ஒரு பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு அந்த நிறுவனத்தை எடைபோட்டிருந்தால் பெரும் அநியாயம் செய்திருப்பேன்.

கேள்வி: புதிய இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி 'திறக்கும்' என்கிறார்களே? (வாசகர், சேலம்)

பதில்: அந்த நூறு மணி நேரத்தில் மாறுவது பெரும்பாலும் நம் செவியின் பழக்கம்தான். அத்துடன் ரப்பரைச் சரியாகச் செருகக் கையும் பழகிவிடுகிறது. வாங்கிய அன்று பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரம் சாதாரணமாகப் பயன்படுத்திப் பாருங்கள். ஆனால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை காத்திருந்துவிடாதீர்கள்.

கேள்வி: இயர்போன் விமர்சனங்களில், எந்தச் சுரம் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியுமா? நேர்கோடாக இருப்பதுதானே நல்லது? (பொறியாளர், ஓசூர்)

பதில்: நேர்கோடாக இருந்தால் அது கேட்கச் சகிக்காது. திறந்திருக்கும் காதில், சுமார் 25 மி.மீ. நீளமுள்ள காதுக்குழாயும் காதுமடலின் குழிவும் சேர்ந்து 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே பெரிதாக்கிச் செவிப்பறைக்கு அனுப்புகின்றன. பிறந்ததிலிருந்து நாம் கேட்ட ஒவ்வொரு குரலும் அந்த ஏற்றத்தோடுதான் நம்மை வந்தடைந்திருக்கிறது. காதை அடைக்கும் இயர்போன் அந்த இயற்கை ஏற்றத்தைக் கெடுத்துவிடுவதால், வடிவமைப்பவர் அதைத் தாமே சேர்த்தாக வேண்டும். அதனால்தான் நல்ல இயர்போனின் வரைபடத்தில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு குன்று தெரிகிறது. அது இல்லையென்றால் குரல் போர்வைக்குள் இருக்கும்; மிகுந்தால் குரல் கத்தும்.

ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் உடன் பணிபுரிந்தோரும், கேட்பவர்கள் பலரை அமர்த்தி, எந்த வளைவை மிகுதியானோர் விரும்புகிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 'ஹார்மன் இலக்கு' என்று வரைபடங்களில் புள்ளிக்கோடாகக் காட்டப்படுவது அந்த ஆராய்ச்சியின் பயன். அது பெரும்பான்மையின் விருப்பமே. உங்கள் விருப்பம் அதிலிருந்து விலகியிருந்தால் தவறில்லை. மிருதங்கமும் குரலும் அதிகம் கேட்கும் எனக்கு அதிலுள்ள பேஸ் சற்றுக் கூடுதல்.

ஓர் எச்சரிக்கை. இவ்வளவீடுகள் காதுக்குழாயைப் போலச் செய்த ஓர் உலோகச் செயற்கைக் காதில் எடுக்கப்படுகின்றன. ஐ.இ.சி. 60318-4 என்னும் சர்வதேசத் தரத்தின்படி அமைந்த அந்தக் காதை, பழைய எண்ணைக் கொண்டு '711' என்று சுருக்கமாக அழைப்பார்கள். பல வரைபடங்களில் 8,000 ஹெர்ட்ஸ் அருகே தெரியும் கூரிய முனை, அந்தக் குழாயில் ஒலி எதிரொலித்து எழுவது. இயர்போன் எவ்வளவு ஆழத்தில் செருகப்படுகிறது என்பதற்கேற்ப அது இடம் மாறும். உங்கள் காதில் அது வேறெங்கோ நிற்கும். ஆகவே 20 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை நம்பிப் படியுங்கள். அதற்கு மேல், வேறு இயர்போனோடு ஒப்பிடும்போது மட்டும் ஊகியுங்கள். ஸகரம் குத்துகிறதா என்பதைக் காதில் போட்டுத்தான் அறிய முடியும்.

கேள்வி: ஆயிரம் ரூபாய்க்கு வயர் இயர்போனும் கிடைக்கிறது, ப்ளூடூத் இயர்பட்ஸும் கிடைக்கிறது. ஒலியில் எது மேல்? என் கைபேசியில் 3.5 மி.மீ. ஜாக் இல்லை. (தனியார் நிறுவன ஊழியர், சென்னை)

பதில்: ஒலி ஒன்றையே கருதினால், அந்த விலையில் வயர் உள்ளதுதான். இயர்பட்ஸில் அதே ஆயிரம் ரூபாயில் இரண்டு பேட்டரி, சிப், மைக், சார்ஜ் செய்யும் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். எஸ்.பி.சி., ஏ.ஏ.சி. என்ற ப்ளூடூத் குறியாக்க முறைகளைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். இந்த விலையில் கேட்கும் குறைகள் அவற்றால் வருபவை அல்ல, மிகையான பேஸைச் சேர்த்து அமைப்பதால் வருபவை. இயர்பட்ஸின் செயலியில் ஈக்வலைசர் இருந்தால் அந்தப் பேஸைக் குறைத்துப் பாருங்கள். வியக்கத்தக்க அளவுக்குத் தேறிவிடும். காணொளிக் கூட்டத்தில் மைக் இயங்கும்போது ஒலி திடீரென்று பழைய தொலைபேசிபோல் ஆகிவிடுவது பழுதல்ல. அப்போது ப்ளூடூத் இருவழிப் பேச்சுக்கான குறுகிய முறைக்கு மாறிவிடுகிறது. ஒலியை எடைபோடும்போது அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஜாக் இல்லாத கைபேசிக்கு டைப்-சி மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மாற்றிக்குள்ளேயே டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் சிப் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் வயர் இணைப்பு மட்டும் கொண்டவை பல கைபேசிகளில் வேலையே செய்யாது. ஆப்பிள் விற்கும் சிறிய மாற்றியின் ஒலி மிகச் சுத்தமானது. ஆனால் சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அதன் ஒலியளவு குறைவாகவே வருகிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அடிக்கடி இரவு பஸ்ஸில் போய் வருகிறேன். வீட்டில் நன்றாகக் கேட்கும் இயர்போன் பஸ்ஸில் சோர்ந்துவிடுகிறது. பேஸ் கூடிய ஒன்றை வாங்கலாமா? (அரச ஊழியர், யாழ்ப்பாணம்)

பதில்: வாங்குமுன் சற்றுப் பொறுங்கள். பஸ்ஸின் இயந்திர இரைச்சலும் சக்கர ஓசையும் கீழ்ச்சுரப் பகுதியிலேயே குவிந்திருப்பதால், பாட்டின் கீழ்ப்பகுதியை அவை மூடிவிடுகின்றன. பேஸ் கூடிய இயர்போன் பஸ்ஸில் சரியாகத் தோன்றி வீட்டில் திகட்டும். அதைவிட, இரைச்சலை உள்ளே விடாமல் தடுப்பதே நல்லது. நுரையாலான முனைகளை வாங்கி, விரலால் உருட்டிச் செருகி, அவை விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். இரவுப் பயணம் அடிக்கடி உண்டு என்றால், இரைச்சல் நீக்கும் வசதியுள்ள இயர்பட்ஸ் உங்களுக்குப் பயன்படும். அந்தத் தொழில்நுட்பம் மிகத் திறமையாக நீக்குவது இத்தகைய தாழ்ந்த, இடைவிடாத இரைச்சலைத்தான்.

ஒலியளவை ஏற்றிச் சமாளிப்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம்; 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். ஒரே இரவுப் பயணத்தில் அந்த 4 மணி நேரம் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஆறு மாதமாக நன்றாக இருந்த இயர்போனில் இப்போது வலப்பக்கம் மட்டும் சத்தம் குறைந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா? (இல்லத்தரசி, புதுச்சேரி)

பதில்: வேண்டாம். வலப்பக்க இயர்போனை இடது காதிலும், இடப்பக்கத்தை வலது காதிலும் ஒரு நிமிடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறைவு இயர்போனோடு சேர்ந்து இடது காதுக்கு வந்தால் குறை இயர்போனில். வலது காதிலேயே தங்கினால், காதில் குறும்பி அடைத்திருக்கக்கூடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கைபேசியின் அமைப்புகளில் இடம் வலம் சமநிலை காட்டும் கோடு நடுவில் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

குறை இயர்போனில் என்றால், ரப்பரைக் கழற்றிவிட்டு நுனியில் இருக்கும் வலையை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். நல்ல வலையில் புள்ளி புள்ளியாக ஒளி மின்னும். அடைத்த வலை மெழுகு பூசியதுபோல் மஞ்சளாக, மினுமினுப்பின்றித் தெரியும். அந்த மெல்லிய படலம் போதும், பாதி ஒலியை விழுங்கிவிடும். வலை தரையை நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பல்துலக்கியால் கீழ்நோக்கி மென்மையாகத் துடையுங்கள். ஊசியால் குத்துவதோ வாயால் ஊதுவதோ கூடாது. அழுக்கும் எச்சில் ஈரமும் உள்ளே போய்விடும். ரப்பரைத் தனியே சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். வியர்வை ஈரத்தாலும் வலை அடைபடுவதுண்டு என்பதால், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அதன்பிறகும் வலப்பக்கம் தேறவில்லை என்றால், ஆறு மாதம்தான் ஆகியிருப்பதால் உத்தரவாதம் இன்னும் இருக்கக்கூடும். ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.